மனசு சரியில்லை, யாரிடம் போவது? ஒரு மனநல மருத்துவரின் கேள்வி பதில்

கே: மூணு வாரமா எதிலும் பிடிப்பு இல்லை டாக்டர். விடியக்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது. வீட்ல சோம்பேறித்தனம்ங்கிறாங்க.

ப: சோம்பல் இல்லை அம்மா. 2 வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் சோர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டுப்போனால் மனச்சோர்வு நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். விடியுமுன் விழிப்பது அதன் முக்கியமான அறிகுறி. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே முதலில் போகலாம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இப்படியே ஆளைச் சாய்க்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

கே: மாத்திரை போட்டா அடிமையாயிடுவோமா?

ப: மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கம் தருவதில்லை. பலன் தெரியச் சில வாரம் ஆகும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரும்; மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். தூக்க மாத்திரை வேறு விஷயம். அதில் சில வகை பழக்கமாகிவிடும். இன்னொருவர் சீட்டைக் காட்டி வாங்கிப் போடாதீர்கள்.

கே: அக்டோபர் 10, உலக மனநல நாளுக்குக் கல்லூரியில் என்ன செய்யலாம்?

ப: 1992-லிருந்து இந்த நாள் வருகிறது, பேச்சுக்குக் குறைவில்லை. உங்கள் ஆலோசகர் எந்த அறையில், எந்த நேரத்தில் இருப்பார் என்று எழுதிக் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். யார் கண்ணிலும் படாமல் குறித்துக்கொள்ளலாம்.

கே: "நான் இருந்து என்ன ஆகப்போகுது"ன்னு தம்பி அடிக்கடி சொல்றான். நேரா கேட்கலாமா டாக்டர்?

ப: கேளுங்கள். இருவர் மட்டும் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். "அப்படியெல்லாம் நினைக்கலையே?" என்றால் "இல்லை" என்றுதான் வரும், பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஆமாம் என்றால் பதறாதீர்கள். "எங்களை நினைச்சுப் பார்த்தியா?" வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் பாரமாகிவிட்டோம் என்று நினைப்பவனுக்கு அது இன்னொரு பாரம். எப்படி என்று யோசித்திருக்கிறானா என்பதையும் கேளுங்கள்.

இடையில் ஒருவர்: தப்பு டாக்டர். இல்லாத நினைப்பை நாமே விதைக்கலாமா?

ப: இந்தப் பயத்தால்தான் பல வீடுகளில் யாரும் கேட்பதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. நான் கேட்டவர்களில் பலர் மூச்சு விட்டு, "இதை யாருமே கேட்கல"ன்னுதான் ஆரம்பித்தார்கள்.

அவரே: டாக்டர் கேட்பது வேறு, வீட்டில் கேட்பது வேறு.

ப: வேறுதான். நான் அவனைப் பார்ப்பதற்கு முன் பல ராத்திரிகள் அவன் உங்களோடுதான் இருக்கிறான்.

கே: பத்து நாள்ல சரியாயிட்டேன், மாத்திரையை விட்டுடலாமா?

ப: மேலே சொல்லியிருக்கிறேன். விடக்கூடாது.

கே: நல்ல மாத்திரை ஒண்ணு பேர் சொல்லுங்க.

ப: ஆளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கே: டாக்டர், தம்பிகிட்ட கேட்டேன். ஆமாங்கிறான். எப்படின்னும் யோசிச்சு வச்சிருக்கான்.

ப: கேட்டது நல்லது. அவனைத் தனியாக விடாதீர்கள். அதற்கென்று அவன் வைத்திருப்பது எதுவானாலும் கைக்கு எட்டாமல் வேறொருவரை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இப்போதே கூட்டிப்போங்கள். என்னிடம் சொன்னதை அங்கேயும் அப்படியே சொல்லுங்கள். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மீதிக் கேள்விகள் நாளைக்கு.