துரத்தலைக் கழித்தால் என்ன மிச்சம்?

கேள்வி: பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஆறு. என் மகன் ஒரு பென்டிரைவில் பழைய ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்கள் 114-ஐயும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பெயர் கிடையாது, வெறும் எண்தான். “பேய்ப் படம் தனியா, சண்டைப் படம் தனியா பிரிச்சு வைங்க தாத்தா” என்கிறார்கள் பிள்ளைகள். முப்பது வருடம் நூலகத்தில் புத்தகம் அடுக்கியவன் நான். இதில் கை ஓடவில்லை. எல்லாமே சிரிப்புப் படம், எல்லாமே சண்டைப் படமாகவும் இருக்கிறதே?
– ஓய்வுபெற்ற நூலகர், கும்பகோணம்

பதில்: ஐயா, இந்த வேலையில் ஏற்கெனவே தோற்றவனிடம் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன்பு காரைக்குடியில் வாடகைக்கு சிடி விடும் கடை வைத்திருந்தேன். ரஜினி ஒரு தட்டு, பக்திப் படம் ஒரு தட்டு, ஜாக்கி சான் ஒரு தட்டு என்று அழகாகத்தான் அடுக்கினேன். ‘கார்ட்டூன்’ என்று அட்டை ஒட்டிய தட்டில் மட்டும் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டேன். வினை அங்கேதான் வந்தது. எந்தப் பிள்ளையும் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காது. “பூனை பணக்காரனாகுமே, அது இருக்காண்ணே?” என்று நிற்கும். ஒவ்வொரு சிடியாகப் போட்டுப் பார்த்து, ஒருவழியாகக் கண்டுபிடித்து நீட்டினால், “இது நேத்தே பாத்துட்டேன்” என்று போய்விடும்.

அப்படி அலைந்ததில் பிடிபட்ட வழி ஒன்றுதான். பூனை எலியைத் துரத்துவது 114 படத்திலும் அநேகமாக உண்டு. எல்லாவற்றிலும் இருப்பதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. ஆகவே அதைக் கழித்துவிடுங்கள். மிச்சம் என்ன நிற்கிறதோ அதுதான் அந்தப் படத்தின் ரகம்.

1942-இல் வந்த ஒன்றில் டாம் ராத்திரியில் ரேடியோவில் பேய்க்கதை கேட்டு நடுங்கும். அதைப் பார்த்த ஜெர்ரி, வேக்யூம் கிளீனரையும் ஒரு வெள்ளைத் துணியையும் வைத்து அதை இன்னும் மிரட்டும். துரத்தலைக் கழித்தால் மிச்சம் பேய்ப் படம். அடுத்த வருடம் வந்த ‘யாங்கி டூடுல் மவுஸ்’ படத்தில் முட்டைகள்தான் கையெறி குண்டுகள். நிலவறையே போர்க்களம். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது எடுத்தது, யுத்தப் படம் என்று தயங்காமல் எழுதிவிடலாம். டெக்ஸஸ் பண்ணையில் நடப்பது கௌபாய் படம். வாளும் இறகுத் தொப்பியுமாக இரண்டு எலிகள் வருவது ராஜா காலத்துப் படம். விளையாட்டுத் தட்டு தானாகவே நிரம்பிவிடும்: பந்து உருட்டும் பௌலிங், கோல்ஃப், டென்னிஸ், பில்லியர்ட்ஸ்.

பாட்டுப் படத்தில்தான் சறுக்குவீர்கள். இசை இல்லாத படமே இதில் கிடையாது. ஸ்காட் பிராட்லி என்ற இசையமைப்பாளர் பூனை வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்வரம் வைத்தவர். அதனால் இசை கேட்கிறதா என்று பார்க்காதீர்கள், டிவியை மியூட்டில் போட்டுப் பாருங்கள். கதை அப்படியே புரிந்தால் அது பாட்டுப் படம் இல்லை. ‘தி கேட் கான்செர்ட்டோ’வில் டாம் கச்சேரி மேடையில் லிஸ்ட் என்ற இசைமேதையின் ‘ஹங்கேரியன் ராப்சடி’யைப் பியானோவில் வாசிக்கும், ஜெர்ரி அதற்குள் தூங்கிக்கொண்டிருக்கும். சத்தத்தை அணைத்தால் அங்கே பாதிப் படம் காணாமல் போய்விடும். வியன்னாவில் வால்ட்ஸ் என்ற நடன இசை கேட்டாலே எலி ஆட வந்துவிடும் ‘ஜோஹான் மவுஸ்’ படமும் அதே தட்டுக்குத்தான்.

இந்த 114-இல் ஆஸ்கர் வாங்கியவை 7. அவற்றில் யுத்தம் ஒன்று, ராஜா கதை ஒன்று, பாட்டு இரண்டு. மற்ற மூன்றும் வீட்டுக்குள் நடப்பவை. வெறும் துரத்தலோடு நிற்காமல் வேறு சினிமாவைக் கொஞ்சம் கடன் வாங்கியபோதுதான் இந்தப் படங்களை எடுத்த ஹன்னாவுக்கும் பார்பெராவுக்கும் கை நன்றாக ஓடியது என்பது என் கட்சி.

இரண்டு தட்டுக்கும் பொருந்துபவை வரும். 1949-இல் வந்த ‘ஹெவன்லி புஸ்’ஸில் டாம் செத்துச் சொர்க்க வாசலில் வரிசையில் நிற்கும். ஜெர்ரியிடம் மன்னிப்புக் கையெழுத்து வாங்கி வந்தால்தான் ரயிலில் இடம். பேரன் பேய்ப் படம் என்பான். ஆனால் அந்த வரிசையில் ஈரச் சாக்கு ஒன்று வந்து, அதற்குள்ளிருந்து மூன்று பூனைக்குட்டிகள் இறங்கும். யாரோ தண்ணீரில் போட்ட குட்டிகள். என் கடையில் அந்த இடத்தில் ஒருவரும் சிரித்ததில்லை. நான் அழுகாச்சி என்று எழுதுவேன். ஒன்றுக்கு இரண்டு ரகம் எழுதலாமா என்று கேட்காதீர்கள். ஒரு பொருளின் பல முகங்களை நடுவில் முக்காற்புள்ளி போட்டுப் பிணைக்கலாம் என்று வழிகாட்டியவர், புத்தகங்களை வகைப்படுத்த முறை வகுத்த உங்கள் சீர்காழி ரங்கநாதன். இதை நூலகரிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

துரத்தலைக் கழித்த பிறகு எதுவுமே மிஞ்சாதவை நிறைய இருக்கும். ‘வீட்டுச் சண்டை’ என்று ஒரு தட்டு போடுங்கள். அது பெரிதாகத்தான் இருக்கும், விடுங்கள். ஆனால் 1940-இல் வந்த முதல் படத்தை அதில் தள்ளிவிடாதீர்கள். இன்னும் ஒரு சாமான் உடைந்தால் வீட்டை விட்டு வெளியே என்று பூனைக்கு எச்சரிக்கை கொடுத்தாயிற்று. எலி ஒரு கண்ணாடி டம்ளரை மேஜை ஓரத்துக்குத் தூக்கி வந்துவிட்டது. அசல் திகில் படம். அப்போது பூனையின் பெயர் டாம்கூட இல்லை, ஜாஸ்பர்.

கேள்வி: பூனையும் எலியும் கடைசியில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைப் பார்த்து என் மகள் இரவெல்லாம் தூங்கவில்லை. இதுவும் குழந்தைகள் படம்தானா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: இல்லை அம்மா. அது 1956-இல் வந்த ‘ப்ளூ கேட் ப்ளூஸ்’. காதலில் தோற்ற டாம் பாலைக் குடித்தே கெட்டுப்போகும். கடைசியில் ஜெர்ரிக்கும் அதே கதி. ரயில் ஊதுவதோடு படம் முடிகிறது. இவை தொலைக்காட்சிப் பிள்ளைகளுக்காகச் செய்தவை அல்ல. தியேட்டரில் பெரிய படம் போடுவதற்கு முன்னால் எல்லா வயதுக்காரர்களுக்கும் காட்டியவை. சில படங்களில் குண்டு வெடித்து முகம் கறுத்ததும் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் காட்சி வரும், பின்னாளில் அவற்றைப் பல இடங்களில் வெட்டினார்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு தனி ஃபோல்டர் போட்டு உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மகள் கொஞ்சம் வளர்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இப்போதைக்கு அவள் கேட்டால், ரயில் அந்தத் தண்டவாளத்தில் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். படத்தில் ரயிலைக் காட்டவில்லையே, பொய் ஆகாது.

கேள்வி: அறுபதுகளில் வந்த டாம் அண்ட் ஜெர்ரியையும் இதே தட்டுகளில் சேர்த்துவிடலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் எடுத்தவர் கையைப் பார்த்துப் பிரி, பிறகு ரகத்தைப் பார். 1961–62-இல் ஜீன் டைட்ச் 13 படங்களைப் ப்ராக் நகரத்தில் வைத்து எடுத்தார். 1963 முதல் 67 வரை சக் ஜோன்ஸ் 34 எடுத்தார். ஜோன்ஸ் படத்தில் டாமின் புருவத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தடித்துப் போயிருக்கும். ப்ராக் படங்களுக்குக் கண்ணே வேண்டாம். தட்டு விழுந்தால்கூடக் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி எதிரொலிக்கும். என் அக்கா மகன் சின்ன வயதில் அந்தப் பதின்மூன்றையும் பேய்ப் படத் தட்டில்தான் கொண்டுபோய் வைத்தான். நானும் எடுக்கவில்லை.