20 ஆண்டுகளாக விபத்தே இல்லாமல் கார் ஓட்டுகிறேன். நான் நல்ல ஓட்டுநர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

சொல்லிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. போன ஆண்டு ஜூலை மாதம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1998இல் லைசென்ஸ் எடுத்தவன் நான். கோலாலம்பூரில், கெப்போங்கில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் வேலை. காலையில் ஜாலான் கூச்சிங் என்ற நெடுஞ்சாலையில் இறங்கி, மாலையில் அதே ஜாலான் கூச்சிங்கில் ஏறி வருகிறேன். கார் காப்புறுதிக் கட்டணத்தில் எனக்கு 55 விழுக்காடு கழிவு (தள்ளுபடி) உண்டு. மலேசியாவில் தனியார் காருக்கு அதற்கு மேல் கழிவே கிடையாது. வீட்டுக்கு வருகிற உறவினர்களிடம், ஏதோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன்போல் அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கேள்வியிலும் அந்த எண்தான் ஒளிந்திருக்கிறது என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடலாம். என்சிடி என்று நாம் சொல்லும் இந்தக் கழிவு, இழப்பீடு கேட்காமல் ஓர் ஆண்டு ஓட்டினால் 25 விழுக்காட்டில் தொடங்குகிறது. பிறகு 30, 38.33, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டு முடிவில் 55 ஆகிறது. ஒரே ஒரு முறை இழப்பீடு கேட்டால் அடியோடு சறுக்கிச் சுழியத்துக்கு வந்துவிடும். கழிவில்லாத கட்டணம் ஆண்டுக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 விழுக்காட்டுக்காரர் 450 வெள்ளிதான் கட்டுவார். இழப்பீடு கேட்டுவிட்டாலோ அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 1,000, 750, 700, 616.70, 550 என்று கட்டி முடித்த பிறகே மறுபடியும் 450க்கு வந்து சேர முடியும். கூட்டிப் பாருங்கள், 1,366 வெள்ளி 70 சென் கூடுதலாகப் போயிருக்கும். கதவு நசுங்கலைத் தட்டி நிமிர்த்தி வண்ணம் பூச 600 வெள்ளி என்று பட்டறைக்காரர் சொல்லும்போது, கணக்குத் தெரிந்த எவர் காப்புறுதி நிறுவனத்தின் பக்கம் போவார்?

நான் போகவில்லை. 2009இல், சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த ஒரு கஞ்சில் காரின் பின்புறத்தில் இடித்தேன். ஓட்டி வந்த பெரியவர் 300 வெள்ளியை வாங்கிக்கொண்டு, "பார்த்து ஓட்டு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 2013இல் தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பத்துமலை அருகில் பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தில் முட்டினேன். 2018இல் ஒரு வேனும் நானும் பக்கக் கண்ணாடிகளை உரசிக்கொண்டோம், இருவருமே நிற்கவில்லை. மூன்றில் இரண்டு என் தவறு. மூன்றாவதும் என் தவறுதான் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். இவற்றில் ஒன்றுகூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாறாக, வீட்டு வாசலில் நிறுத்திய காரை இரவில் யாரோ திருடிக்கொண்டு போய், அதற்காக நான் இழப்பீடு கேட்டிருந்தால், தூங்கிக்கொண்டிருந்த குற்றத்துக்கு என் கழிவு சுழியமாகியிருக்கும். ஆக அந்த 55 என்ற எண், நான் பணம் கேட்காதவன் என்பதற்குச் சாட்சி. வண்டி எப்படி ஓட்டுகிறேன் என்பது அதற்குத் தெரியாது.

வேகத்துக்கு அபராதம் கேட்டுச் சம்மன் வராததும் இப்படித்தான். கேமரா எங்கே இருக்கிறது என்று கைப்பேசி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கேமராவுக்கு 200 மீட்டர் முன்பு நெடுஞ்சாலையே ஒழுக்கமாகிவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஜூலைக்கு வருகிறேன். ஒரு வியாழக்கிழமை, மாலை ஏழு மணி இருக்கும், நல்ல மழை. செகாம்புட் தாண்டியதும் ஒரு வெள்ளை மைவி கார் சிக்னலே போடாமல் என் முன்னால் நுழைந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து, வீடு சேர்ந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. மைவி ஓட்டுகிறவர்கள் எல்லாரையும் ஒரு பிடி பிடித்தேன். மகளுக்கு வயது 19, 'பி' ஒட்டிய புதிய லைசென்ஸ்காரி. "டேஷ்கேம் இருக்கிறதே அப்பா, போட்டுப் பார்ப்போம்" என்றாள். எனக்கும் ஆசைதான். நான்கு பேர் முன்னால் அந்த மைவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

காரின் கேமராவிலிருந்த நினைவக அட்டையை எடுத்து மடிக்கணினியில் செருகினாள். காணொளிகள் மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாக இருந்தன. தேடிய துண்டுக்குப் பதிலாக அதற்கு முந்தியது திறந்துகொண்டது, அதுவும் பின்பக்கக் கேமரா. மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு ஒன்று ஓடுகிறது. கூடவே நான் முனகுவதும் கேட்கிறது. சிக்னலின் டிக் டிக் ஓசை இரண்டே தடவைதான் வந்தது. அதற்குள் கார் வலது தடத்திலிருந்து நடுத் தடத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்த நொடியில் படத்தின் ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் விளக்கு தெரிகிறது. இரண்டு தடங்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்திருக்கிறார். ஆரஞ்சு நிற மழைச்சட்டை, முதுகுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பெட்டி. முன்சக்கரம் அமுங்குகிறது. பின்சக்கரம் நனைந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு முழம் வழுக்குகிறது. இடது கால் தரையைத் தேடி இறங்குகிறது, காலணி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அவருக்குப் பின்னால் ஒரு லாரியின் இரண்டு விளக்குகள், மழையில் பூசணிக்காய் அளவுக்கு. பிறகு வண்டி நிமிர்ந்துவிட்டது. அவர் கையை உயர்த்தித் திட்டவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. கையுறையால் தலைக்கவசக் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டத் தொடங்கினார். என் முனகல் நிற்காமல் அடுத்த சரணத்துக்குப் போனது.

மகள் பின்னுக்கு இழுத்து இன்னொரு முறை ஓட்டினாள். "அப்பா, இவரை நீங்கள் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அவர் இருந்தார் என்பதே அந்த மேசையில்தான் எனக்குத் தெரியும்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "செகாம்புட் பக்கம்தானே?" என்று கேட்டாள். "அந்த இடம் வந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். நீங்கள் கவனித்ததே இல்லையா?" இத்தனை ஆண்டுகளாக அது அவளுக்கு அசதி வருகிற இடம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளை மைவியும் அடுத்த துண்டில் வந்தது. சிக்னல் போட்டுத்தான் வந்திருந்தார்.

அன்றைய நாளும் என் கணக்கில் விபத்தில்லாத நாள்தான். எனக்கு உறுத்துவது இதுதான். விபத்து நடக்காமல் போனதற்கு என் திறமை காரணமே இல்லை. முகம் தெரியாத ஒருவர் அரை நொடியில் பிரேக்கையும் காலையும் பயன்படுத்தி அந்த நாளை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தார், பெருமையை நான் எழுதிக்கொண்டேன். இதுபோல் எத்தனை பேர் என் 55 விழுக்காட்டுக்குள் இருக்கிறார்களோ! நம் ஓட்டுதலுக்கு உண்மையான மதிப்பெண் போடக்கூடியவர்கள் எல்லாம் பின்னால் தங்கிவிடுகிறார்கள். நாம் கண்ணாடியில் அவர்களைப் பார்ப்பதற்குள் அடுத்த டோல் சாவடிக்குப் போய்விடுகிறோம்.

அவர் விழுந்திருந்தாலும் என் காரில் ஒரு கீறல் விழுந்திருக்கும், அவ்வளவுதான். இந்த நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காருக்குள் இருப்பவர் தன் உடம்புக்கும் தன் தகரத்துக்கும் என்ன ஆனது என்பதை வைத்துத் தன் பாதுகாப்பை அளந்தால், அந்த அளவுகோல் தொடக்கத்திலிருந்தே அவருக்குச் சாதகமாக வளைந்திருக்கிறது.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உளவியலில் மிகவும் பேர்போனது. அமெரிக்காவிலும் சுவீடனிலும் மாணவர்களை உட்கார வைத்து, இந்தக் குழுவில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஓட்டும் திறமை எந்த இடத்தில் இருக்கும் என்று கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினரும் சுவீடன் மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் தங்களைப் பாதி வரிசைக்கு மேலே நிறுத்திக்கொண்டார்கள். பாதுகாப்பைப் பற்றிக் கேட்டபோது 88, 77. அதற்கும் முன்பு, 1965இல், அமெரிக்காவில் விபத்துக்குப் பிறகு மருத்துவமனையில் கிடந்த ஓட்டுநர்களிடம் அவர்கள் திறமையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். விபத்தே இல்லாதவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதற்கும் இவர்கள் சொன்னதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டுப் போட்ட காலோடும் தான் நல்ல ஓட்டுநர்தான்!

கணக்கில் கெட்டிக்காரர் யாராவது மறுப்பு எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் சராசரியைவிட மேல் என்பது நடக்க முடியாததல்ல. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு விபத்தே இல்லை, ஒருவருக்கு மட்டும் பத்து விபத்து என்றால், சராசரி ஆளுக்கு ஒன்று. ஒன்பது பேரும் சராசரியைவிட நல்லவர்கள். ஆனால் ஸ்வென்சன் கேட்டது வரிசையில் உன் இடம் எது என்று. வரிசையின் முன்பாதியில் 93 விழுக்காட்டினர் நிற்க இடம் கிடையாது.

பொய் சொல்கிறார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. ஆளுக்கொரு தேர்வு வைத்துக்கொண்டு அதில் முதல் மதிப்பெண் வாங்குகிறோம். என் மச்சான் மஸ்ஜித் இந்தியா சந்துகளில் ஒரே எடுப்பில் காரை நிறுத்திவிடுவார், அவருக்கு அதுதான் ஓட்டுதல். அலுவலகத்து நண்பர் ஒருவர் ஈப்போவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்ததை ஆண்டுக்கு நான்கு முறை சொல்வார். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம், நெடுஞ்சாலையின் உச்ச வேகம் 110. வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவி 90ஐத் தாண்டியதில்லை என்பதில் பெருமைப்படுகிறாள், வலது தடத்திலும் 90தான் என்பதைச் சொல்ல மாட்டாள். எனக்கு அந்த 55.

விபத்தில்லாத 20 ஆண்டு எவ்வளவு சொல்லும் என்பதையும் ஒரு மேலோட்டமான கணக்கில் பார்க்கலாம். நாட்டில் பதிவான வாகனங்கள் 3 கோடிக்கு மேல். உயிரிழப்பு 6,000 என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 வாகனத்துக்கு ஒன்று. மற்றவர்களைவிட மும்மடங்கு ஆபத்தாக ஓட்டுகிற ஒருவர்கூட 20 ஆண்டுகளை ஓர் உயிர்ச்சேதமும் பார்க்காமல் கடந்துவிட 100க்கு 98க்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் அவரும் உங்களைப்போலத்தான் பேசுவார்.

பயிற்சிக்குப் போனால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 2017இல் அலுவலகமே எங்களை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பியது. நனைத்த தரையில் வழுக்கும் காரை மீட்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். சான்றிதழோடு திரும்பினேன். அதற்குப் பிறகு மழையில் என் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கிரெகர்சன் என்பவர் சுவீடனில் இளம் ஓட்டுநர்களை வைத்து இதையே சோதித்து 1996இல் வெளியிட்டிருக்கிறார். ஒரு குழுவுக்கு வழுக்கும் சாலையில் வண்டியைக் கையாளும் திறமையைப் பழக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு, இப்படிப்பட்ட சாலையில் உன் திறமை எவ்வளவு நம்பத்தகாதது என்பதை உணர்த்தினார்கள். பிறகு சோதித்தபோது இரண்டு குழுக்களின் உண்மைத் திறமையிலும் வேறுபாடு தெரியவில்லை. தன்னைப் பற்றிய மதிப்பீடு மட்டும் முதல் குழுவில் உயர்ந்திருந்தது. அதைப் படித்தபோது என் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டாததற்கு மகிழ்ந்தேன்.

சரி, இப்போது எப்படி அளக்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை காலைத் தோசைக்குப் பிறகு, அந்த வாரத்துப் பின்பக்கக் காணொளிகளை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன். எனக்காக யார் பிரேக் பிடித்தார்கள், யார் ஒதுங்கினார்கள், யார் ஹாரன் அடித்தார்கள் என்று ஒரு பழைய நாட்குறிப்பில் கோடு போடுகிறேன். முதல் வாரம் ஏழு கோடு. இப்போது இரண்டு, மூன்று. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேர்வு எழுதியவனே திருத்தினால் கை தாராளமாகிவிடுகிறது. "அவர் எப்படியும் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார்" என்று மனம் வாதாடுகிறது. ஆகவே அதே காணொளியை மகளும் தனியாக எண்ணுகிறாள். ஒவ்வொரு வாரமும் என் கணக்கைவிட அவள் கணக்கில் இரண்டு கூடுதலாகவே இருக்கிறது. நாட்குறிப்பில் அவள் எண்ணைத்தான் எழுதுகிறோம்.

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மகள் ஓட்டினாள். நான் பின்னால், மனைவி முன்னால். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன சேலை எடுப்பது என்பதைப் பற்றித் தாயும் மகளும் பேசிக்கொண்டே வந்தார்கள். செகாம்புட் வந்தது. மகள் சிக்னலைப் போட்டாள், டிக் டிக் என்று எட்டுத் தடவை நான் எண்ணினேன். கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேல் திரும்பியும் பார்த்து, ஒரு மோட்டார் சைக்கிளைப் போகவிட்டு, அதன் பிறகே தடம் மாறினாள்.

மனைவி பேச்சை நிறுத்தவே இல்லை.