சப்டைட்டில் இல்லாமல் ஆங்கிலம் கேட்டால் எனக்குப் பாதிதான் புரிகிறது. கேட்டுப் புரிந்துகொள்ள, கேட்டதை உடனே தமிழில் சொல்லிப் பழகுவது உதவுமா?

நிச்சயம் உதவும். சப்டைட்டில் இல்லாவிட்டால் பாதிதான் புரிகிறது என்கிறீர்கள். விடுபடும் அந்தப் பாதி எது என்று கண்டுபிடிக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. சும்மா கேட்கும்போது தெரிந்த நாலு வார்த்தை காதில் விழுந்தாலே எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தமிழில் சொல்ல வாயைத் திறந்தால்தான் எங்கே தடுக்குகிறது என்பது தெரியும்.

நான் சொல்லிக்கொடுக்கும்போது அடிக்கடி தரும் வாக்கியம் இது: “தி கமிட்டி தட் ரிஜெக்டட் தி பிளான் லாஸ்ட் இயர் ஹேஸ் நவ் அக்ரீட் டு ஃபண்ட் இட்.” பலரும் “குழு திட்டத்தை நிராகரித்துவிட்டது” என்றே சொல்வார்கள். போன வருடம் நிராகரித்த அதே குழு இப்போது பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதுதான் செய்தி. முதல் வினைச்சொல் வந்ததுமே வாக்கியம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். தமிழில் ‘நிராகரித்த’ என்பது ‘குழு’வுக்கு முன்னால் வரவேண்டும் என்பதால், சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் கடைசிவரை காத்திருந்தே ஆகவேண்டும். காது பழக வேண்டியது அந்தப் பொறுமைக்குத்தான்.

எழுத்து வடிவம் கூடவே கிடைக்கும் ஆடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசு நிதியில் இயங்கும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா (விஓஏ) வானொலி, ஆங்கிலம் கற்பவர்களுக்காகத் தயாரித்த ‘லேர்னிங் இங்கிலீஷ்’ பழைய நிகழ்ச்சிகள் ஆரம்பத்துக்கு ஏற்றவை, மெதுவாகப் பேசுவார்கள். அரை நிமிடம் கேட்டு நிறுத்தி, தமிழில் சொல்லி, அதை போனில் பதிவு செய்யுங்கள். பிறகு எழுத்தோடு ஒப்பிடுங்கள். படித்தால் புரிகிறது, கேட்கும்போதுதான் தவறியது என்றால் சிக்கல் ஒலியில். ‘ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்’ என்பது பேச்சில் ‘ஷுடவ் டோல்டிம்’ ஆகிவிடும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, பேசுபவரின் கூடவே சொல்லிப் பாருங்கள். ஷேடோயிங் என்று சொல்வது இதைத்தான். படித்தும் புரியவில்லை என்றால் அது சொல்வளப் பிரச்சினை, காதைக் குறை சொல்ல வேண்டாம்.

பகுதி நீளும்போது குறிப்பெடுக்கலாம். வார்த்தைகளை அல்ல, கருத்தைக் குறிக்க வேண்டும் என்று, பேச்சை வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர்கள் குறிப்பெடுக்கும் முறை பற்றிய நூலில் ஜான் பிரான்சுவா ரோசான் 1956-லேயே எழுதிவிட்டார். எண், பெயர், கூடவே ‘பட்’, ‘அன்லெஸ்’ போன்ற இணைப்புச் சொற்கள் போதும். இணைப்பைத் தவறவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.

பேசப் பேசவே மொழிபெயர்க்கும் முறைக்கு இப்போதே போகாதீர்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களே அரை மணி நேரத்துக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும் அளவுக்குக் கடினமான வேலை அது.

இப்படிச் செய்தால் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளுமே என்று சிலர் சொல்வதில் நியாயம் உண்டு. அதனால் ஒருநாள் தமிழில் சொன்னால் மறுநாள் அதே பகுதியை உங்கள் சொந்த ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.