ஆறு வயதில் தளபதியா? இரண்டு ஓகின்ஸ்கிகள்

1765இல் பிறந்த போலந்து-லித்துவேனியப் பிரபு ஓகின்ஸ்கி 1771இல் எப்படிப் படை நடத்தியிருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது. உங்கள் குறிப்பில் இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள்.

1765இல் பிறந்தவர் மிகால் கிளியோஃபாஸ் ஓகின்ஸ்கி. 'தாயகத்துக்கு விடை' என்ற புகழ்பெற்ற பொலொனேஸ் (போலந்து நடன வகை) இசையை அமைத்தவர் இவர்தான். 1794இல் ரஷ்யாவை எதிர்த்துப் போலந்தில் நடந்த எழுச்சியில் இவரும் கலந்துகொண்டதால் குழப்பம் இன்னும் கூடிவிடுகிறது.

நீங்கள் தேடுபவர் அதே குடும்பத்தின் மூத்த தலைமுறையைச் சேர்ந்த மிகால் காசிமியர்ஸ் ஓகின்ஸ்கி. 1768இல் லித்துவேனியாவின் பெரிய ஹெட்மன், அதாவது தலைமைப் படைத்தளபதி ஆனார். 1771இல் ரஷ்யாவை எதிர்த்த போலந்துப் பிரபுக்களின் 'பார் கூட்டமைப்பு' பக்கம் சேர்ந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் பெஸ்ட்ஜியெஷ் என்ற ஊரில் நடந்த சண்டையில் வென்றார். ஆனால் அதே மாதம் ஸ்டோவோவிச்செ என்ற ஊரில் இரவோடு இரவாக வந்து தாக்கிய ரஷ்யத் தளபதி சுவோரவிடம் தோற்று, நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று.

அவரை அந்த ஒரு தோல்வியோடு முடித்துவிடாதீர்கள். போர்க்களத்தைவிட அவர் கட்டியெழுப்பியவைதான் பெரியவை என்பது என் எண்ணம். ஷ்சாரா, யாசெல்டா ஆறுகளை இணைத்த ஓகின்ஸ்கி கால்வாய் அவர் முயற்சி. அதனால் பால்டிக் கடலில் சேரும் நேமன் ஆற்றுக்கும் கருங்கடலுக்குப் போகும் தினீப்பர் ஆற்றுக்கும் இடையே நீர்வழி கிடைத்தது. நாடு திரும்பிய பிறகு ஸ்லோனிம் நகரில் நாடக அரங்கும் இசைக்குழுவும் நடத்தினார். அவரும் இசை அமைத்தவர் என்பதால்தான் பலர் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அப்புறம், இறந்த ஆண்டையும் சரிபாருங்கள்: ஹெட்மன் 1800இல் வார்சாவில், கிளியோஃபாஸ் 1833இல் ஃபுளோரன்ஸில்.