அப்பாவின் செல்போன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். 2021-இல் நான் வாங்கிய ஆண்ட்ராய்டு போனைப் போன வருஷம் அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் புதிது வாங்கிக்கொண்டேன். இப்போது அது 30 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது. வீட்டில் அவ்வளவாக இல்லை, வயலில் நிற்கும்போதுதான் அதிகம். மெதுவாகவும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு 12-க்கு மேல் ஏறவும் இல்லை. கடைத்தெருவில் காட்டினால் "போர்டு வீக், 5ஜி வாங்கிடுங்க, தவணை போட்டுத் தர்றோம்" என்கிறார்கள். மூன்று வருஷத்தில் கெட்டுப்போகும்படி கம்பெனிகளே செய்கின்றன என்று படித்தேன். இது நுகர்வுப் பண்பாட்டின் சதிதானே? அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கலாமா? (ஒருமுறை வாய்க்காலில் விழுந்து, இரண்டு நாள் அரிசிப் பானையில் போட்டு வைத்துப் பிழைத்தது. அதனால் இருக்குமோ?)

கு.

அன்புள்ள கு.,

உங்கள் கடிதத்தில் சதி, பண்பாடு எல்லாம் கிடக்கட்டும். "வயலில் நிற்கும்போதுதான்" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கடைக்காரருக்குக் கிடைக்காத துப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு, ஒன்றுமே புரியாதவர் மாதிரி என்னிடம் கேட்கிறீர்கள்.

வயலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உச்சி வெயிலில் திரை தெரியவில்லை, வெளிச்சத்தை முழுக்க ஏற்றுகிறார். பயிரைப் படம் எடுக்கக் கேமராவைத் திறக்கிறார். டவர் தூரத்தில் இருப்பதால் போனில் சிக்னல் அனுப்பும் பாகம் உரக்கக் கத்தியாக வேண்டும், அதற்கும் மின்சாரம். மூன்றும் சேர்ந்து ஒரு கணத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கலாம். 30 சதவீதத்தில் பேட்டரியின் வோல்டேஜ் சுமார் 3.7. புது பேட்டரியின் உள்மின்தடை (தனக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கும் அளவு) 0.1 ஓம் என்று வையுங்கள்: 0.2 வோல்ட் இறங்கி 3.5-இல் நிற்கும், போன் ஓடும். பழைய பேட்டரியில் அதே மின்தடை 0.25 ஓம் ஆகியிருந்தால் 0.5 வோல்ட் இறங்கி 3.2-க்கு வந்துவிடும். அந்த அளவில் போர்டு தன்னைக் காத்துக்கொள்ள அணைத்துக்கொள்ளும். தோராயக் கணக்குதான், ஆனால் நடப்பது இதுதான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்த்தால் அரை ஆம்பியர்கூட இழுக்காது, அதனால் அங்கே அணைவதில்லை. 30 சதவீதம் என்று போன் காட்டியது பொய்யில்லை. மீதி இருக்கிறது, கேட்ட வேகத்தில் கொடுக்கத்தான் பேட்டரியால் முடியவில்லை.

சோதித்துப் பாருங்கள். 35 சதவீதம் இருக்கும்போது வெளியே நின்று வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, வீடியோ ஓடவிட்டு, போனின் டார்ச்சையும் போடுங்கள். அணைந்தால், பவர் பேங்கைச் செருகி அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது தாங்கினால் பழுது பெரும்பாலும் பேட்டரியில்தான். "போர்டு வீக்" என்று சொன்னவர் இதைச் செய்தாரா என்று கேளுங்கள்.

மெதுவாக ஓடுவதும் இதில் சேரலாம். 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்ட விஷயம் இது: பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக்கினார்கள். பேட்டரி மாற்றியதும் வேகம் திரும்பியது. உங்கள் சதிக் கேள்விக்கு இதுவே பதில்: செய்ததற்குக் காரணம் இருந்தது, மறைத்ததற்கு இல்லை. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் போனில் இடமும் நிறைந்திருக்கும். 64 ஜிபியில் 60-ஐ காலை வணக்க வீடியோக்கள் அடைத்துக்கொண்டிருந்தால் எந்தப் போனும் திணறும். பத்து ஜிபியாவது காலி செய்யுங்கள்.

பேட்டரியைக் கொல்வது வெயிலும் முழுச் சார்ஜும் சேர்ந்து. 40 டிகிரியில் நூறு சதவீதத்தோடு ஒரு வருஷம் கிடந்த லித்தியம் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். 25 டிகிரியில் பாதிச் சார்ஜில் கிடந்தால் சில சதவீதம்தான் போகும். சித்திரை வெயிலில் மோட்டார் கொட்டகைத் தகரத்துக்குக் கீழே சார்ஜில் தொங்கவிடுவது, டிராக்டர் முன்பலகையில் வைப்பது, ராத்திரி தலையணைக்கு அடியில் செருகி வைப்பது, இதெல்லாம் உங்கள் வீட்டில் நடக்காது என்றா சொல்கிறீர்கள்? 80-இல் பிடுங்குங்கள். அமைப்புகளில் சார்ஜை 80-இல் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

சரி, பேட்டரி மாற்றுவது. வீட்டில் செய்யாதீர்கள், ஆனால் கடையில் எதிரே உட்கார்ந்து பாருங்கள். போவதற்கு முன் படங்களையும் தொடர்புகளையும் காப்பு எடுத்துவிடுங்கள். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். நிறைந்த பேட்டரியில் கத்தி பட்டால் தீ, குறைந்ததில் ஆபத்து குறைவு. முதலில் சிம் தட்டு வெளியே வர வேண்டும். பின்மூடியைச் சூடுகாட்டி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் ஓரம் ஓரமாகப் பிரிக்க வேண்டும்; மூடியில் கைரேகை உணரி இருந்தால் அதைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய நாடா அறுந்துவிடும், ஒரேயடியாக இழுக்கக் கூடாது. திருகுகள் ஒரே நீளமில்லை. நீளத் திருகைக் குட்டைக் குழியில் முறுக்கினால் போர்டுக்குள் ஓடும் தடங்கள் அறுந்து, அப்போது உண்மையிலேயே "போர்டு போச்சு". கழற்றிய வரிசையில் அவர் அடுக்கிவைக்கிறாரா பாருங்கள்.

வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். பேட்டரி பசையில் ஒட்டியிருக்கும். இழுக்கும் நாடா இருந்தால் அதைப் பிடித்து இழுக்கலாம். இல்லையென்றால் ஓரத்தில் சில சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, பிளாஸ்டிக்கால் தூக்க வேண்டும். இரும்புக் கம்பியால் நெம்புகிறவரிடம் போனை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் அமுக்கவும் குத்தவும் கூடாது. புதியதை ஒட்டுவதற்கு முன்பே இணைத்து, போனை எழுப்பி, சார்ஜ் ஏறுகிறதா, தொடுதிரை, கேமரா, ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்புறம்தான் பசை, ரப்பர் பேண்டு, சில மணி நேரம் அமுக்கம். தண்ணீர் தாங்கும் முத்திரை இனி பழையபடி இருக்காது.

எந்தப் பேட்டரி என்பதும் முக்கியம். அட்டையில் அச்சடித்திருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5000 எம்.ஏ.ஹெச். (அதாவது 5 ஆம்பியர்-ஹவர்), 3.87 வோல்ட் என்றால் 19.35 வாட்-ஹவர் என்று இருக்க வேண்டும். பெருக்கல் தப்பினால் சரக்கும் தப்பு. உங்கள் போனுக்கு 5000 என்றால், அதே அளவுக் கூட்டில் 7000 என்று எழுதியதைத் தொடாதீர்கள். கம்பெனி சேவை மையத்தில் கிடைத்தால் அங்கேயே மாற்றுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும்.

டெல்டாவில் சி.ஆர். 1009 நெல்லை யாரும் பழசு என்று தூக்கிப் போடவில்லை. தண்ணீர் கட்டினால் அழுகுகிறது என்ற ஒரு குறைக்கு, வெள்ளம் தாங்கும் சப்-1 மரபணுவைச் சேர்த்து சி.ஆர். 1009 சப்-1 ஆக்கினார்கள். நாற்றங்காலில் இவ்வளவு நிதானம் காட்டும் வீடு, செல்போன் கடையில் மட்டும் ஏன் இப்படி அவசரப்படுகிறது?

இப்போது கோபப்படும் இடம். ஆண்ட்ராய்டு 12-இல் நின்ற போனைப் போய் அப்பாவிடம் கொடுத்திருக்கிறீர்கள். பேட்டரி மாற்றினால் போன் ஓடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது. அமைப்புகளில் "பாதுகாப்புப் புதுப்பிப்பு" என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும், அதைத்தான் நான் போனின் வயது என்பேன். பயிர்க்கடன், நெல் பணம், பி.எம். கிசான் எல்லாம் யார் கணக்கில் விழுகிறது? ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது? பி.எம். கிசான் பெயரிலேயே வாட்ஸ்அப்பில் போலி ஏ.பி.கே. ஃபைல்கள் (தொட்டால் செயலியை நிறுவுபவை) வருகின்றன. வெளியிலிருந்து நிறுவிய செயலி திரையைக் கட்டுப்படுத்தும் அனுமதியை எளிதில் வாங்க முடியாதபடி ஒரு தடை ஆண்ட்ராய்டு 13-இல்தான் வந்தது. அப்பாவிடம் இருப்பது 12. பாசத்தோடுதான் கொடுத்தீர்கள், தெரியும். ஆனாலும் கிழிந்த குடையை மழையில் நிற்பவரிடம் கொடுத்த கதை இது.

ஆகவே வாங்க வேண்டாம். பேட்டரியை மாற்றி அந்தப் போனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து வங்கிச் செயலிகளை எடுத்துவிடுங்கள். உங்கள் புதுப் போனை அப்பாவிடம் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, தெரியாத செயலி நிறுவும் அனுமதியை மூடிவிட்டுக் கொடுங்கள். முகம் சுளிக்கிறீர்களா? அப்படியானால் ஒன்று வாங்குங்கள், ஆனால் தள்ளுபடி விலையில் கிடைக்கும் இரண்டு வருஷத்துப் பழைய மாடலில் ஏமாறாதீர்கள். புதுப்பிப்பு வருஷங்களைப் பெரும்பாலும் மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணுவார்கள், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. கூகுளின் பிக்சல் 8 போனுக்கு ஏழு வருஷம் என்றார்கள். அது 2023 அக்டோபரில் வந்தது, எப்போது வாங்கினாலும் 2030-இல் முடிகிறது. 5ஜி? உழவன் செயலிக்கும் ஓ.டி.பி.க்கும் 4ஜி போதும்.

அரிசிப் பானை. ஐயோ, நெற்களஞ்சியத்தில் பிறந்ததற்காக எல்லாவற்றையும் அரிசியில் போட வேண்டுமா? மூடிய போனுக்குள் இருக்கும் தண்ணீரை அரிசி வெளியே இழுக்காது. மாவும் தூளும் துளைகளில் போய் அடையும். ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் அரிசியில் போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. அணைத்து, சிம் தட்டை உருவி, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி தட்டி, மின்விசிறிக் காற்றில் வைப்பதே சரி. வாய்க்கால் தண்ணீரில் சேறும் உப்பும் உண்டு. காய்ந்தாலும் அரிப்பு மாதக்கணக்கில் நடக்கும். பேட்டரி மாற்றத் திறக்கும்போது சார்ஜிங் போர்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பூத்திருந்தால் ஆல்கஹாலால் துலக்க வேண்டும், அல்லது அந்தச் சின்னப் போர்டை மட்டும் மாற்ற வேண்டும். பல மாடல்களில் சிம் தட்டுக் குழிக்குள் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவக்கும். இன்றிரவே டார்ச் அடித்துப் பாருங்கள். அப்படியே சார்ஜ் துளையையும் பாருங்கள், ஒரு குருணை கிடந்தாலும் ஆச்சரியமில்லை.