பெட்டியின் மேல் அச்சிடாத வசதிகள்

கைபேசியில் அன்றாடம் உங்களுக்குக் கைகொடுக்கும் வசதி எது, விளம்பரத்தை நம்பி ஏமாந்த வசதி எது என்று சென்ற முறை கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

கேள்வி: 200 மெகாபிக்சல் கேமரா என்பதற்காகவே இந்தக் கைபேசியை வாங்கினேன். வெளியில் எடுக்கும் படங்கள் நன்றாக வருகின்றன. வீட்டுக்குள் என் இரண்டு வயது மகளை எடுத்தால் முகம் கலங்கியே வருகிறது. கேமராவில் பழுதா?

பதில்: பழுது இல்லை. அந்தக் கேமரா வழக்கமான நிலையில் பதினாறு சிறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறத்தாழ 12.5 மெகாபிக்சல் அளவுள்ள படமாகத்தான் சேமிக்கிறது. வெளிச்சம் குறைவான இடத்தில் இப்படிச் சேர்ப்பது நல்லதும்கூட. ஆனால் வாங்க வருபவரிடம் இதை யாரும் விளக்குவதில்லை. மங்கிய அறையில் போதிய ஒளியை வாங்கிக்கொள்ளக் கேமராவுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. அதற்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடுகிறது. ஒளியை உணரும் சென்சார் பெரிதாக இருப்பதும் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடுவதும்தான் இங்கே உதவும். குழந்தையை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் கேமரா திறக்கும் வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இருக்கிறது. அதையும் இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சிரிக்கும் நொடி உங்களுக்காகக் காத்திருக்காது.

கேள்வி: '8 + 8 ஜிபி ரேம்' என்று எழுதியிருந்த கைபேசியை 16 ஜிபி என்று எண்ணி வாங்கினேன். சரிதானே?

பதில்: ரேம் என்பது செயலிகள் இயங்கும்போது பயன்படும் வேகமான தற்காலிக நினைவகம். உங்களிடம் அது இருப்பது 8 ஜிபி. மற்ற எட்டும் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. அதன் வேகம் ரேமின் வேகத்துக்கு அருகில்கூட வராது.

கேள்வி: எனக்கு வயது எழுபத்திரண்டு. திரையில் விரல் வைத்துத் திறக்கும் கைபேசியை மகள் வாங்கிக் கொடுத்தாள். முதலில் பத்து முறைக்கு ஆறு முறையாவது திறந்தது. கடைக்காரர் கண்ணாடி ஒட்டிக் கொடுத்த பிறகு அறவே திறப்பதில்லை. விரல் தேய்ந்துவிட்டது என்கிறார். அப்படியும் உண்டா?

பதில்: உண்டு, அம்மா. வயது ஏற ஏற விரல் நுனியின் கோடுகள் மெலிகின்றன, தோலும் உலர்ந்துபோகிறது. நெடுங்காலம் கைவேலை செய்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஆனால் கண்ணாடி ஒட்டியதற்கு முன் ஓரளவு திறந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முழுப் பழியையும் உங்கள் விரல் மீது போடுவது நியாயமில்லை. திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை உணரிகளில் பல, திரையின் வெளிச்சத்தை விரலில் பட்டுத் திரும்பச் செய்து கோடுகளைப் படிக்கின்றன. வேறு சில ஒலி அலைகளைக் கொண்டு படிக்கின்றன. இரண்டுக்குமே நடுவில் வரும் தடித்த கண்ணாடி இடைஞ்சல்தான். பழைய பதிவை அழித்துவிட்டு, கண்ணாடி ஒட்டியபடியே ஒரே கட்டைவிரலை இரண்டு முறை தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு மெல்லிய படலம் ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள்.

இதே வசதியை நம்பி நானும் ஒரு முறை வாங்கியிருக்கிறேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வரும், துண்டு தேடிக் கையைத் துடைத்துவிட்டு விரலை வைப்பேன், 'மீண்டும் முயலவும்' என்று வரும், திரும்பவும் துடைப்பேன், கடைசியில் கடவு எண்ணைத் தட்டுவேன். இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. அடுத்ததாகப் பக்கவாட்டு பவர் பொத்தானிலேயே கைரேகை உணரி உள்ள கைபேசியை வாங்கினேன். பையிலிருந்து வெளியே எடுக்கும்போதே கட்டைவிரல் அந்த இடத்தில் படுவதால், முகத்துக்கு நேரே வருவதற்குள் திறந்துவிடுகிறது. அடுத்த முறை உங்களுக்கும் அந்த வகையையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: சீல் பிரிக்காத பெட்டியில், 'இப்போதுதான் வந்த மாடல்' என்று சொல்லித் தள்ளுபடியில் ஒரு கைபேசி விற்றார்கள். பத்து மாதம்தான் ஆகிறது. மென்பொருள் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. தயாரிப்பு நிறுவனத்தைக் கேட்டால் 'காலம் முடிந்துவிட்டது' என்கிறார்கள். பத்து மாதத்தில் என்ன காலம் முடியும்?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சீல் பிரிக்காத பெட்டி வேறு, புது மாடல் வேறு என்பது விற்றவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லாமல் விட்டிருக்கிறார். 'இப்போதுதான் வந்த மாடல்' என்ற சொல் விளம்பரத்திலோ பில்லிலோ குறுஞ்செய்தியிலோ எங்காவது பதிவாகியிருந்தால், அதை இணைத்து எழுத்து மூலம் முறையிடுங்கள்.

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தத் துறையில் என்னை மிகவும் கோபப்படுத்தும் வழக்கம் இதுதான். 'நான்கு ஆண்டுகள் புதுப்பிப்பு' என்று படித்தால், நாம் பணம் கொடுத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள். தயாரிப்பாளர்களோ பொதுவாக அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கடை அலமாரியில் மூன்று ஆண்டுகள் கிடந்த பெட்டியை வாங்குபவருக்கு மிஞ்சுவது ஓர் ஆண்டு; அந்த மூன்று ஆண்டுகளையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கும் இது நேர்ந்தது. நல்ல தள்ளுபடி என்று மகிழ்ந்து வாங்கிய கைபேசிக்கு ஏழாவது மாதத்தில் கடைசிப் புதுப்பிப்பு வந்தது. திரையில் ஒரு கீறல் இல்லை, பேட்டரி இரவுவரை தாங்கியது, பேச்சு தெளிவாகக் கேட்டது. ஆனால் மூன்றாம் ஆண்டில் வங்கிச் செயலி அதில் இயங்க மறுத்துவிட்டது. உடல் முழுக்க நலமாக இருந்த ஒரு பொருளை இழுப்பறையில் போட வேண்டியதாயிற்று.

நிலைமை சற்றுத் திருந்தி வருவதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8 வரிசைக்கு கூகுளும், 2024 ஜனவரியில் அறிவித்த கேலக்ஸி எஸ் 24 வரிசைக்கு சாம்சங்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக உறுதியளித்தன. அங்கும் எண்ணிக்கை அறிமுகத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்த விதிகளைப் பாருங்கள்: ஒரு மாடலின் கடைசிக் கைபேசி சந்தைக்கு விடப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் என்று அவை கணக்கிடுகின்றன. கடைசியாக வாங்குபவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிய விதி அது. எல்லா நாடுகளும் கேட்டுப் பெற வேண்டியதும் அதுதான். அதுவரை, வாங்குவதற்கு முன் மாடலின் பெயரைத் தேடி அது எந்த ஆண்டு எந்த மாதம் வெளிவந்தது என்று பாருங்கள், தயாரிப்பாளர் அறிவித்த ஆண்டுகளோடு கூட்டுங்கள், முடிவு நாள் தெரிந்துவிடும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பகுதியில் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பார்க்கலாம்.

கேள்வி: ஐபி 68 தரச் சான்று உள்ள கைபேசி. கடலில் நீந்திக்கொண்டே படம் எடுத்தேன். மறுநாள் செத்துவிட்டது. வாரண்டி கிடையாது என்கிறார்கள். இது மோசடி அல்லவா?

பதில்: இல்லை. உங்களிடம் இருந்த வாரண்டி அட்டையைக் கடலில் இறங்கும் முன் படித்திருக்க வேண்டும். ஐபி 68-இல் ஆறு என்பது தூசியை, எட்டு என்பது ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நீரைத் தாங்குவதைக் குறிக்கிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே வரையறுக்கிறார். அந்தச் சோதனை அசையாத நன்னீரில் நடப்பது. உப்பு நீருக்கும் நீச்சலடிக்கும் வேகத்துக்கும் அது பொருந்தாது. உள்ளே இருக்கும் பசையும் ரப்பர் அடைப்பும் நாளடைவில் தளர்கின்றன. திரையை ஒரு முறை மாற்றியிருந்தால் அந்தப் பாதுகாப்பை நம்பவே முடியாது. மழையில் நனைவதற்கும், தண்ணீர்க் குவளை கவிழ்வதற்கும், கை தவறி வாளிக்குள் விழுவதற்கும் என்று எடுத்துக்கொண்டால் இது மிக நல்ல வசதி.

கேள்வி: இரவு முழுவதும் சார்ஜில் போட்டால் பேட்டரி கெடுமா?

பதில்: நூறு சதவீதத்திலேயே மணிக்கணக்கில் நிற்பதும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி விரைவில் முதுமையடையும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி இப்போது பல கைபேசிகளில் இருக்கிறது; அதை இயக்குங்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒருவரிடம் பழைய கைபேசி வாங்கினேன். வீட்டில் அனைத்தையும் அழித்துப் புதிதாகத் தொடங்கினால், முந்தைய உரிமையாளரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. விற்றவர் எண் அணைந்திருக்கிறது.

பதில்: மனம் வருந்துகிறேன். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. உரிமையாளர் தம் கணக்கை விலக்காதவரை திறக்காது. அந்தக் கைபேசி யாரிடமிருந்தாவது களவு போனதாகவும் இருக்கலாம். ஆகவே 'திறந்து தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களிடம் கொடுத்து இரண்டாம் முறையும் இழக்காமல், நடந்ததைக் காவல்துறையில் எழுதிக் கொடுங்கள். பழையது வாங்க எண்ணியிருக்கும் மற்றவர்கள், விற்பவர் தம் கணக்கை நீக்கி, அனைத்தையும் உங்கள் கண்முன்னே அழித்து, வரவேற்புத் திரை கணக்கு எதையும் கேட்காமல் கடந்து செல்வதைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று தட்டினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும், அதாவது கைபேசியின் அடையாள எண்ணும், பில்லில் உள்ள ஐஎம்இஐ எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: நீங்கள் உங்கள் கைபேசியில் மிகவும் மதிக்கும் வசதி எது?

பதில்: எதிர்முனையில் பேசுபவரின் குரல் தெளிவாகக் கேட்பது. என் தாயாருக்குக் காது மந்தம். பழைய கைபேசியில் நான் சொல்வதற்கெல்லாம் 'சரி, சரி' என்று மட்டும் சொல்வார். கேட்காமலே சொல்கிறார் என்பது எனக்கு வெகுநாள் தெரியவில்லை. கைபேசியை மாற்றிக் கொடுத்த அன்று, பேச்சின் நடுவில், 'உனக்குச் சளி பிடித்திருக்கிறதா?' என்று கேட்டார். கேமராவுக்கும் பேட்டரிக்கும் எண் போடுகிறார்கள், இதற்குப் போடுவதில்லை. கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு, கதவைத் திறந்து இரைச்சல் உள்ள இடத்தில் நின்று, வீட்டில் இருக்கும் ஒருவரோடு இரண்டு நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் நான் வாங்குவதில்லை.