பதில்: சூரிய நிறைக் கருந்துளை ஆவியாகிறதா, வளர்கிறதா?

உங்கள் கணக்கில் தப்பில்லைங்க. சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளை ஆவியாகித் தீர, 1-க்குப் பின்னால் 67 சுழியம் போட்ட அத்தனை ஆண்டு ஆகும் என்று நீங்கள் போட்டது சரி. 'இல்லை, அது இப்போது வளர்கிறது' என்று உங்கள் நண்பர் அடம்பிடிப்பதும் சரி. இடிப்பது எங்கே என்றால், அந்தச் சூத்திரம் கருந்துளையைச் சுற்றி ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்கிறது.

கருந்துளை மெல்லக் கதிர்வீச்சை வெளிவிட்டு நிறை இழந்து ஆவியாகும் என்று இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் சொன்னார். அதன்படி பார்த்தால் அந்தக் கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் (தனிச்சுழியிலிருந்து எண்ணும் வெப்ப அலகு) சுமார் 10 கோடியில் 6 பங்குதான், ஆனால் பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு எங்கும் 2.7 கெல்வினில் இருக்கிறது, அதனால் விடுவதைவிட விழுங்குவதுதான் அதிகம். சூடான அறையில் வைத்த ஐஸ்கட்டி மாதிரி, ஆனால் இது உருகாமல் பெருக்கிறது! நிறை கூடக்கூட இன்னும் குளிர்ந்துபோகும் விசித்திர ஜந்து வேறு.

இன்றைக்கே சுருங்க வேண்டுமென்றால் நிலாவைவிடக் குறைந்த நிறை வேண்டும். அப்படி ஒன்று மணல் துகள் அளவுதான் இருக்கும், இதுவரை யாரும் கண்டதில்லை. ஹாக்கிங் சொன்ன அந்தக் கதிர்வீச்சையே எந்தக் கருந்துளையிலும் இன்னும் நேரடியாக அளந்ததில்லை என்பதையும் நண்பரிடம் சொல்லிவையுங்கள்.

அண்டம் விரிய விரிய அந்த நுண்ணலைப் பின்னணி குளிரும். அண்டத்தை மேலும் மேலும் வேகமாக விரியவைக்கும் இருள் ஆற்றல் இப்போதுபோலவே மாறாமல் இருந்தால் சுமார் 30,000 கோடி ஆண்டில் கருந்துளையைவிடக் குளிர்ந்துவிடும். உங்கள் 67 சுழியம் அப்புறம்தான் ஓடத் தொடங்கும், அந்த 30,000 கோடியைக் கூட்டினாலும் விடை மாறாது.